பியானோவின் இரும்புத் தட்டில் விரிசல்: ஒட்டுவதா, தைப்பதா, மாற்றுவதா, இறக்கி வைப்பதா?

பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்கப் போன, அதாவது வியாபாரத்துக்குக் கடல் கடந்த, செட்டிநாட்டுத் தலைமுறை கப்பலில் ஏற்றி வந்த சாமான்களில் தேக்கும் சலவைக்கல்லும் பெல்ஜியம் கண்ணாடியும், பூட்டிய வீட்டில் பத்து வருஷம் கிடந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. பியானோ அப்படியில்லை. யாரும் தொடாவிட்டாலும் அதற்குள் இருநூற்றுச் சொச்சம் எஃகுக் கம்பிகள் இராப்பகலாக இழுத்துக்கொண்டே இருக்கின்றன. கம்பிக்குச் சராசரியாக 70 முதல் 90 கிலோ. ஒரு கிராண்ட் பியானோவில் மொத்தம் கிட்டத்தட்ட 16 முதல் 20 டன். இவ்வளவையும் தாங்குவது, மூடியைத் திறந்தால் தங்க நிறத்தில் மின்னுகிற வார்ப்பிரும்புத் தட்டு. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பழைய பியானோக்களுக்குச் சுதி சேர்க்கப் போகிற எனக்கு வரும் கேள்விகளில் மிகக் கடினமானது, "தட்டுல கிராக் விட்டிருக்கு, என்ன செய்யலாம்?" என்பதுதான்.

ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். வெல்டிங் வைக்கலாம் என்பார் ஒருவர். பட்டை வைத்து போல்ட் போடலாம், கோயம்புத்தூரில் கொடுத்துப் புதுசாக வார்த்துவிடலாம், அழகுக்கு அப்படியே நிற்கட்டும் என்றும் சொல்வார்கள். இவை எல்லாமே ஏதோ ஒரு பியானோவுக்குச் சரியான பதில்தான். உங்கள் பியானோவுக்கு எது சரி என்பது விரிசல் எந்த இடத்தில் இருக்கிறது, எதனால் வந்தது, இனி அந்தப் பியானோவில் என்ன வாசிக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இது தெரியாமல் பட்டறைக்காரரைக் கூப்பிட்டால் அவருக்குத் தெரிந்த வைத்தியத்தைத்தான் அவர் செய்வார்.

முதலில், அது விரிசல்தானா என்று பார்த்துவிட வேண்டும். தட்டின் மேல் இருப்பது பித்தளைப் பொடி கலந்த வார்னிஷ் பூச்சு. நூறு வருஷப் பூச்சு நம் ஊர் வெயிலில் மயிரிழையாக வெடித்திருக்கும். பார்ப்பதற்கு இரும்பே பிளந்த மாதிரி இருக்கும். சந்தேகமுள்ள இடத்தில் பூச்சைச் சுரண்டிவிட்டு மண்ணெண்ணெய் தடவி, சற்று நேரம் ஊறவிட்டு, ஈரமே தெரியாமல் துடைத்து, சாக்பீஸ் பொடியை மெல்லத் தூவுங்கள். இரும்பு விரிந்திருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் மேலே கசிந்து பொடியில் கறுத்த கோடு ஒன்று எழும்பும். பொடி வெள்ளையாகவே நின்றால் வெடித்தது பூச்சு மட்டும்தான். பெரிய பட்டறைகளில் இதையே சிவப்புச் சாயமும் வெள்ளை ஸ்பிரேயும் வைத்து இன்னும் துல்லியமாகச் செய்வார்கள். ஒரு எச்சரிக்கை: கம்பிகளைச் சுற்றி இறுக்கும் டியூனிங் பின்கள் இருக்கும் பகுதியில் எண்ணெய், சாயம் எதையும் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. அது பின் ஓட்டை வழியாக அடியிலுள்ள மரத்துக்குள் இறங்கிவிட்டால் பின்கள் பிடிப்பை இழந்துவிடும்; அப்புறம் இரும்பைச் சரிசெய்தும் பயனில்லை. அங்கே டார்ச்சும் பூதக்கண்ணாடியும்தான்.

வேறு அறிகுறிகளும் உண்டு. யாரும் இல்லாத ஹாலில் வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டிருக்கலாம். அல்லது எவ்வளவு தடவை சுதி சேர்த்தாலும் ஒரு பகுதி மட்டும் சில நாளில் இறங்கிவிடும், மற்ற பகுதிகள் நிற்கும். இப்படி இருந்தால் மேற்கொண்டு சுதி ஏற்றுவதை நிறுத்திவிட வேண்டும்.

இரும்பு ஏன் பிளக்கிறது என்று புரிந்தால்தான் எந்த வழி நல்லது என்பது புரியும். 1825-ல் பாஸ்டனில் ஆல்ஃபியஸ் பாப்காக் சதுரப் பியானோவுக்கு ஒரே வார்ப்பாக இரும்புச் சட்டம் செய்து காப்புரிமை வாங்கினார். அதே ஊர்க்காரர் ஜோனஸ் சிக்கரிங் 1843-ல் கிராண்ட் பியானோவுக்கு அதைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான் கம்பிகளைத் தடிமனாகவும் இறுக்கமாகவும் போட முடிந்தது. அந்த இரும்பு சாம்பல் வார்ப்பிரும்பு. அதில் கரி, செதில் செதிலாகக் கிராஃபைட்டாகப் படிந்திருக்கும். மேலிருந்து அமுக்கினால் மலை போல நிற்கும். இழுத்தால் அந்தச் செதில்களின் ஓரத்திலேயே பிளந்துகொள்ளும். அமுக்கத்தைத் தாங்கும் வலுவில் மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்குதான் இழுவைக்கு. நம் வீடுகளில் சீமையிலிருந்து வந்த வார்ப்பிரும்புத் தூண்கள் மாடிப் பாரத்தை இத்தனை காலமாகச் சுமந்தும் கீறல் இல்லாமல் நிற்பதற்குக் காரணம், அவற்றின் மேல் இருப்பது அமுக்கம் மட்டுமே. பியானோத் தட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கம்பிகள் தட்டின் கனத்துக்கு நடுவே ஓடாமல் ஒரு பக்கமாக ஓடுவதால் அமுக்கத்தோடு வளைவும் சேர்கிறது. வளைகிற பொருளில் ஒரு பக்கம் அமுங்கும், மறுபக்கம் இழுபடும்.

அந்த வளைவைத் தடுக்கத்தான் தட்டைச் சுற்றிலும் போல்ட்டுகள், நடுவே அடியிலிருந்து தாங்கும் நோஸ் போல்ட், முன்பக்கத்தில் தட்டின் விளிம்போடு இடைவெளியில்லாமல் பொருந்தி நின்று டியூனிங் பின்களைப் பிடித்திருக்கும் 'பின் பிளாக்' என்கிற மரக்கட்டை எல்லாம். இவற்றில் ஒன்று தளர்ந்தால் அந்தச் சுமை இரும்பின் தலையில் விழுகிறது. நான் பார்த்த விரிசல்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு காரணம் இருந்திருக்கிறது: மரம் காய்ந்து சுருங்கிப் பின் பிளாக்குக்கும் விளிம்புக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கும், அடியில் தாங்கல் இல்லாத நோஸ் போல்ட்டை யாரோ மேலிருந்து நன்றாக முறுக்கித் தட்டைக் கீழே வளைத்திருப்பார்கள், கம்பியைத் தளர்த்தாமலே தட்டு போல்ட்டைக் கழற்றியிருப்பார்கள். கல்யாணத்துக்குப் பட்டாசாலையை (வீட்டு ஹாலை) ஒழிக்க வேண்டும் என்று ஆட்கள் சேர்ந்து தூக்கி, ஒரு கால் நழுவித் தரையில் இடித்த பியானோக்களும் உண்டு. எந்த வழியில் பழுதுபார்த்தாலும் இந்தக் காரணத்தை முதலில் சரிசெய்யாவிட்டால் அடுத்த விரிசல் பழைய விரிசலுக்குப் பக்கத்திலேயே வரும்.

சரி, வழிகளுக்கு வருவோம். வெல்டிங்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்.

"திருச்சிக்குக் கொண்டுபோனா ஒட்டாத இரும்பு உண்டா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெல் நிறுவனமும் அதன் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிற ஊர். பாய்லர் வேலையில் கை தேர்ந்த வெல்டர்கள் அங்கே நிறைய. ஆனால் அவர்களுடைய அன்றாட வேலை எஃகில். வார்ப்பிரும்பு சூட்டுக்கு வேறு விதமாக நடந்துகொள்ளும். ராடு பட்ட இடத்துக்கு ஓரத்தில் இரும்பு சட்டென்று குளிர்ந்தால் கண்ணாடி போல இறுகி, அங்கேயே புது விரிசல் ஓடும். பழைய வார்ப்புகளில், அச்சுக்குள் நன்றாக ஓடட்டும் என்று பாஸ்பரஸ் கூடுதலாக இருப்பது வழக்கம். அது இன்னும் நொறுங்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் தட்டின் வடிவத்தில் இருக்கிறது. பியானோத் தட்டு ஒரு மூடிய சட்டம். நடுவே நாலைந்து விட்டங்கள். ஒரு விட்டத்தை மட்டும் சூடாக்கினால் அது நீள முயலும், மற்ற விட்டங்கள் விடாது. ஆறும்போது சுருங்க முயலும், அப்போதும் விடாது. கடைசியில் ஒட்டிய விட்டம் கம்பியே மாட்டாத நிலையிலும் இழுபட்டு நிற்கும். முன்பே சொன்னபடி, இழுவைதான் இந்த இரும்புக்கு ஆகாது. இதைத் தவிர்க்க வேண்டுமானால் முழுத் தட்டையும் உலையில் 500, 600 டிகிரிக்குச் சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே ஒட்டி, சாம்பலிலோ மணலிலோ புதைத்து மிக மெதுவாக ஆறவிட வேண்டும். தட்டு வெளியே வர வேண்டும், கம்பிகளும் அத்தனை பின்களும் போக வேண்டும். தட்டின் எடை நூறு கிலோவுக்கு மேல். ஆறியபின் ஒரு மில்லிமீட்டர் கோணினாலும் கம்பிகள் சவுண்ட் போர்டை (நாதத்தைப் பெருக்கும் மரப்பலகையை) அழுத்தும் அளவு மாறி நாதம் கெடும்.

சூடேற்றாமல் நிக்கல் ராடு வைத்து, ஒரு தடவைக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல், ஒவ்வொரு தையலையும் சுத்தியலால் தட்டித் தட்டி, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவிட்டு ஒட்டும் முறையும் உண்டு. பித்தளை ராடால் பற்றவைப்பது இன்னொன்று; அதில் இரும்பு உருகாது என்பதால் சேதம் குறைவு. ஓரத்தில் உடைந்து விழுந்த ஒரு காது, போல்ட் ஓட்டையைச் சுற்றிய பிளவு, இழுவிசை அதிகம் படாத மூலை, இவற்றுக்கு இந்த இரண்டையும் ஏற்றுக்கொள்வேன். நடு விட்டத்துக்குக் கூடாது. பியானோவை ஹாலிலேயே வைத்துக் கம்பி மாட்டியபடியே ஆர்க் வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து விடாதீர்கள். சூட்டில் கம்பி அறுந்து முகத்தில் அடிக்கும். தீப்பொறி விழுவது நூறு வருஷம் காய்ந்த மரத்தின் மேல்.

பட்டை வைத்து போல்ட் போடுவது எளிய வழி, செலவும் குறைவு. விட்டத்தின் இரு பக்கமும் கனமான எஃகுப் பட்டை வைத்து, ஊடுருவத் தமர் (துளை) போட்டு, உயர்வலு போல்ட்டால் இறுக்குவது. பட்டைக்கும் இரும்புக்கும் நடுவே இரும்புப் பொடி கலந்த எபாக்ஸி போட்டால் மேடுபள்ளம் நிரம்பிச் சுமை சீராகப் பரவும். காரைக்குடியிலேயே நல்ல லேத் பட்டறைக்காரர் செய்துவிடுவார், நான் கூட இருந்து சொன்னால் போதும். கம்பியை முதலில் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் வாய் திறந்த நிலையிலேயே விரிசலைப் பூட்டின மாதிரி ஆகிவிடும். ஓட்டை ஒவ்வொன்றும் விட்டத்தைப் பலவீனப்படுத்தும் என்பதால், குறைவான ஓட்டை, விரிசலிலிருந்து தள்ளி, போல்ட்டுக்கு இறுக்கமான ஓட்டை என்பது கணக்கு. இதன் குறை, வெளியே தெரியும். அடியில் கம்பியும், அதன் அதிர்வை அடக்கும் டேம்பரும் ஓடுகிற இடத்தில் பட்டைக்கு இடமும் இருக்காது.

எனக்கு மிகவும் நம்பிக்கையுள்ள வழி தைப்பது. எண்ணெய் வயல்களில் தீப்பொறி கூடாது என்ற கட்டாயத்தில் வளர்ந்து, கப்பல் எஞ்சின்களுக்கும் பெரிய பிரஸ்களுக்கும் பரவிய குளிர்முறை இது. சூடே கிடையாது. விரிசலுக்குக் குறுக்காக வரிசையாகத் தமர் போட்டு, அந்த ஓட்டைகளை இணைத்து ஒரு காடியாக்குவார்கள். நிக்கல் கலந்த உலோகச் சாவியை அந்தக் காடிக்குள் அடுக்கடுக்காக அடித்து இறக்குவார்கள். இப்படிச் சில சாவிகள் விரிசலின் இரு கரையையும் பிடித்துக்கொண்டதும், விரிசலின் நெடுக ஓட்டை போட்டு, மரை வெட்டி, மரையுள்ள ஊசியைத் திருகி, மிச்சத்தை வெட்டிவிடுவார்கள். அடுத்த ஓட்டை முந்தைய ஊசியைக் கொஞ்சம் கடித்துக்கொண்டு விழும். இப்படியே கோலத்துப் புள்ளிகள் மாதிரி நெருக்கமாக வரிசை போய் முடிந்ததும், விரிசல் இருந்த இடம் முழுக்க ஊசிகளாக இருக்கும். அதற்கென்றே செய்த ஊசிகளில் மரை கொக்கி போல வெட்டப்பட்டிருக்கும். திருகத் திருக இரு கரையையும் உள்ளே இழுக்கும். கடைசியில் அரம் போட்டு மட்டமாக்கிப் பூச்சு பூசினால், எங்கே தைத்தது என்று கையால் தடவினாலும் தெரியாது.

தட்டை வெளியே எடுக்கத் தேவையில்லை என்பது இதன் பெரிய வசதி. அந்தப் பகுதிக் கம்பிகளைக் கழற்றி, மீதியைச் சீராகத் தளர்த்தி, சுத்தியல்கள் இருக்கும் இயக்கப் பகுதியான ஆக்‌ஷனை வெளியே எடுத்துவிட்டு, சவுண்ட் போர்டின் மேல் துணி விரித்து, காந்தத்தால் துருவலைப் பொறுக்கிக்கொண்டே வேலை செய்யலாம். ஆனால் இரும்பு கனமாக இருக்க வேண்டும். விட்டத்தில் தாராளமாகச் செய்யலாம். பின்கள் நெருங்கி நிற்கிற மெல்லிய பகுதியில் ஊசிக்கு இடமே கிடையாது. வேலை தெரிந்த ஆட்களை இந்தப் பக்கம் தேடிப் பிடிப்பது சிரமம். கப்பல் எஞ்சின், பெரிய ஜெனரேட்டர் பழுதுபார்ப்பவர்களிடம், துறைமுக ஊர்களில் விசாரிக்க வேண்டும். அவர்கள் பியானோவைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் பரவாயில்லை, வார்ப்பிரும்பைப் பார்த்திருந்தால் போதும். பியானோவை நாம் பார்த்துக்கொள்ளலாம்.

புதுத் தட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பம்பு செட்டும் மோட்டாரும் வார்க்கிற கோயம்புத்தூருக்கு இந்த இரும்பு புதிதல்ல. ஆனால் உடைந்த தட்டையே அச்சாக வைத்து வார்க்க முடியாது. உருகிய இரும்பு ஆறும்போது நீளத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும்; ஒன்றரை மீட்டர்த் தட்டு 15 மில்லிமீட்டர் குறைந்து வந்து நிற்கும், எந்தக் கம்பியும் தன் இடத்தில் இருக்காது. அந்தச் சுருக்கத்தைச் சேர்த்துப் புதிதாக மர அச்சு செய்ய வேண்டும், பின் பிளாக்கும் புதிதாக வேண்டும். அதே மாடல் பழைய பியானோவிலிருந்து தட்டை எடுத்தாலும் கையால் பொருத்திய காலத்துப் பியானோக்களில் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. மிக அரிய பியானோ என்றால் மட்டுமே இதை யோசிக்கலாம். மற்றவர்களுக்கு, அந்தச் செலவில் நல்ல நிலையிலுள்ள வேறொரு கிராண்ட் வாங்குவது மேல்.

கடைசி வழி, பழுதே பார்க்காமல் கம்பியின் இழுவிசையை இறக்கி வைப்பது. இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். விரிசலோடு முழு இழுவிசையில் விடுவதுதான் ஆபத்து. அது வளர்ந்துகொண்டே போகும். எல்லாக் கம்பிகளையும் ஒரே பக்கமாக இறக்கிவிடாமல், பரவலாகச் சுற்றிச் சுற்றி இறக்க வேண்டும். ஷூட்டிங்குக்கும் தங்கும் விடுதிக்கும் வீட்டைக் கொடுப்பவர்களுக்கு இது போதும். காரைக்குடியில் பழஞ்சாமான் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு அனுப்புவதைவிட ஆயிரம் மடங்கு மேல்; விரிசலோடு போனால் மரம் தனி, இரும்பு தனி என்று பிரித்துவிடுவார்கள், அதோடு அந்தப் பியானோ முடிந்தது.

முழுதாக இறக்குவதற்கும் முழுதாக ஏற்றுவதற்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரு கம்பியின் இழுவிசை அதன் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்குத் தக்கபடி மாறும். ஏ சுரத்தை 440 ஹெர்ட்ஸிலிருந்து 415-க்கு, அதாவது அரை சுரம் இறக்கினால், இழுவிசை 11 சதவீதம் குறைகிறது. 18 டன் இழுவையைத் தாங்கும் தட்டுக்கு அது இரண்டு டன் விடுதலை. ஒரு முழு சுரம் இறக்கினால் 20 சதவீதத்துக்கு மேல். 435-க்கு இறக்கினால் 2 சதவீதம்தான், பெரிய பயனில்லை. அரை சுரம் கீழே வாசித்தால் நாதம் கொஞ்சம் தடிக்கும், கெடாது. தனியாக வாசிப்பவருக்குக் குறையே தெரியாது. வேறு கருவியோடு சேர்ந்து வாசிக்க வேண்டும், பரீட்சைக்குத் தயாராக வேண்டும் என்றால்தான் 440 தேவை.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் மூன்று பங்காளிகளுக்கும் மூன்று யோசனை. பெரியவர் திருச்சி வெல்டிங் என்றார், நடுப்புள்ளி விற்றுவிடலாம் என்றார், சின்னவர் புதுத் தட்டுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். விரிசல் நடுச்சுரங்களுக்கும் மேல் சுரங்களுக்கும் நடுவிலுள்ள விட்டத்தில், நகம் இறங்கும் அகலத்தில் இருந்தது. நான் வீட்டு ஆச்சியிடம் கேட்டேன், "யார் வாசிக்கப் போறாங்க ஆச்சி?" "பேத்தி லீவுக்கு வந்தா வாசிப்பா தம்பி. கச்சேரியா வைக்கப் போறோம்? எங்க ஐயா கொண்டாந்தது, சத்தம் கேட்டாப் போதும்" என்றார். அந்தப் பதிலிலேயே முக்கால்வாசி தீர்மானமாகிவிட்டது. நோஸ் போல்ட்டின் தாங்கலைச் சரிசெய்து, பின் பிளாக் இடைவெளியில் கட்டையைச் செதுக்கிப் பொருத்தி, விட்டத்தைத் தைத்து, மேலே ஒரு பட்டையும் கூடுதல் காவலுக்குப் போட்டு, 415-ல் நிறுத்துவது என்று முடிவானது. 440 வேண்டும் என்று அந்த ஆச்சி கேட்டிருந்தால் இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டேன். தைத்த தட்டை 440-க்கு ஏற்றலாம், ஆனால் பின் பிளாக்கை முழுதாக மாற்றிய பிறகுதான்.

விரிசல் பின்கள் நிற்கும் பகுதியில் இருந்தால் கதை வேறு. தைக்கவும் பட்டை போடவும் இடமில்லை, ஒட்டவும் முடியாது. அங்கே கீறல் சிறியதாக, அசையாமல் இருந்தால், பின் பிளாக்கைப் புதிதாகச் செய்து விளிம்போடு ஒட்டப் பொருத்தி, ஒரு சுரம் இறக்கி, கவனித்துக்கொண்டே வாசிக்கலாம். வளர்கிறது என்று தெரிந்தால் வாசிப்பதை நிறுத்தி, இறக்கி வைத்துவிட வேண்டியதுதான்.

தைத்து முடித்ததும் அன்றைக்கே சுதிக்கு ஏற்றிவிட வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். முதலில் ஒன்றரை சுரம் கீழே நிறுத்தி, சில வாரம் விட்டு, விரிசலின் இரு முனையிலும் கூரான ஊசியால் போட்ட அடையாளத்தைத் தாண்டி ஏதாவது நகர்ந்திருக்கிறதா என்று பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் ஈரம் இழுத்துச் சவுண்ட் போர்டு உப்பி, சுதி தானாகவே கூடும். அந்த மாதங்களில் ஏற்றவே வேண்டாம். எந்த வழியைத் தேர்ந்தாலும், என்ன செய்தோம், எந்தச் சுதியில் நிறுத்தினோம் என்று ஒரு அட்டையில் எழுதித் தட்டின் மேல், மூடியைத் திறந்ததும் கண்ணில் படும்படி ஒட்டிவிடுங்கள். அடுத்து வருகிற சுதிக்காரர் 440 இசைக்கவையோடுதான் வருவார். "415-க்கு மேல் ஏற்ற வேண்டாம்" என்ற வரி அவர் சுதிச் சாவியைக் கையில் எடுக்கும் முன்பே அவர் கண்ணில் பட வேண்டும்.